பின்னால் வருபவர்

செப்டெம்பர் முடியும்போது இங்கிலாந்தின் சைக்கிள் கழகங்களில் ஒரு மாற்றம் நடக்கும். கோடை முழுவதும் மெலிந்த, மட்காட் இல்லாத சைக்கிள்களில் வந்தவர்கள் அவற்றைத் துடைத்து வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பாரமான பழைய சைக்கிள்களை வெளியே எடுப்பார்கள். அவற்றுக்கு மட்காட் இருக்கும். பின் மட்காட்டின் நுனியில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு ரப்பர்த் துண்டு தொங்கும். சிலர் அதைக் கடையில் வாங்குவார்கள், பலர் பழைய பிளாஸ்ரிக் போத்தலை வெட்டிப் பொருத்திக்கொள்வார்கள். மட்காட் ஓடுபவரின் முதுகைச் சேற்றிலிருந்து காக்கிறது. அந்தத் துண்டோ அவருக்கு எதுவும் செய்வதில்லை. ஈர வீதியில் சக்கரம் அள்ளி எறியும் தண்ணீரும் மணலும் மாட்டுச் சாணியும் பின்னால் வருபவரின் வாய்க்கும் கண்ணுக்கும் நேரே போகாமல் அது தடுக்கிறது, அவ்வளவுதான். தனக்கு ஒரு பயனுமில்லாத ஒன்றை, ஓடும்போது திரும்பிப் பார்க்கக்கூட முடியாத ஒருவருக்காக, சனிக்கிழமை இரவு கொட்டிலில் குந்தியிருந்து ஆணி முடுக்கிப் பூட்டுகிறார்கள். மனித நாகரிகத்தைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் அந்த ரப்பர்த் துண்டைத்தான் காட்டுவேன். ஆனால் சில இலையுதிர்காலங்களாக அதைப் பார்க்கும் போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஒரு சஞ்சலமும் சேர்ந்தே வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறேன்.

நான் ஓடுவது தென்மேற்கு லண்டனிலிருந்து சரே மலைகளை நோக்கிப் புறப்படும் ஒரு சாதாரணக் கழகத்துடன். பந்தயக்காரர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறு விடிய ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கூடி, 50 மைல் அளவில் ஓடி, நடுவில் எங்காவது தேநீர் குடித்துத் திரும்புவோம். இந்த ஓட்டத்தின் விதிகள் எல்லாமே பின்னால் வருபவருக்காக ஏற்பட்டவை. வரிசையின் நடுவில் இருப்பவருக்கு வீதி தெரியாது. முன்னால் இருப்பவரின் இடுப்பும் சக்கரமும்தான் தெரியும். ஆகவே முன்னால் போகிறவர் கையை இறக்கிக் குழியைக் காட்ட, அடுத்தவர் அதே இடத்தில் அதே போலக் காட்ட, கடைசி ஆள்வரை அது போகும். வீதியோரம் கார் நின்றால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்கம் அசைக்க வேண்டும். எதிரே வாகனம் வந்தால் குரல் முன்னாலிருந்து பின்னே போகும். பின்னால் வந்தால் கடைசி ஆளின் குரல் ஒவ்வொரு வாயாக ஏறி முன்னே வரும். திடீரெனப் பிறேக் பிடிக்கக்கூடாது. மேட்டில் இருக்கையை விட்டு எழும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னுக்கு வரும், பின்னால் வருபவரின் முன் சக்கரத்தில் முட்டும். அதனால் எழும்புகிற அந்தக் கணத்தில் பெடலைக் கூடுதலாக அழுத்த வேண்டும் என்று பழையவர்கள் சொல்லித் தருவார்கள். ஏற்றம் முடிந்த இடத்தில் எல்லோரும் நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்த உடனே புறப்படவும் கூடாது. முதலில் வந்தவர்கள் களைப்பாறிவிட்டார்கள். களைப்பாற வேண்டியவரோ அப்போதுதான் வந்திருக்கிறார். நல்ல மனம் உள்ள கழகங்கள்கூட இந்தக் கடைசி விதியில்தான் தவறுகின்றன. ஒரு கூட்டத்தின் தரத்தை நான் அங்கே வைத்துத்தான் அளக்கிறேன்.

ஒடுக்கமில்லாத வீதிகளில் இருவர் இருவராக ஓடுவோம். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவை, கூட்டமாகப் போகும்போது அப்படிச் சோடியாக ஓடுவது பாதுகாப்பானதாகவும் இருக்கலாம் என்று சொல்கிறது. பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், சோடியாக ஓடுவதால்தான் கதைக்க முடிகிறது. முன் வரிசைச் சோடி சிறிது தூரத்துக்கு ஒருமுறை மாறும். பக்கத்து ஆள் மாறுவார். ஆகவே ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும் விஷயம் பாதியில் நின்றுவிடும். ஒரு கார் வரும், ஒற்றை வரிசைக்கு மாறுவோம், பேச்சு அந்த வசனத்திலேயே அறும். தகப்பனின் மறதி நோயைப் பற்றி ஒருவர் சொல்லத் தொடங்கிய கதை அடுத்த ஞாயிறு வேறொரு மேட்டில் தொடரலாம், தொடராமலும் போகலாம். முகத்தைப் பார்க்காமல், இருவரும் வீதியைப் பார்த்தபடி கதைப்பதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. வீட்டு மேசையில் எதிரெதிரே இருந்து சொல்ல முடியாதவற்றை மனிதர்கள் அங்கே சொல்கிறார்கள். அப்படிக் கேட்டவை எனக்குள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு முடிவு இல்லை.

இலையுதிர்காலத்தில் இந்த ஒழுங்கெல்லாம் கூர்மையாகிறது, ஏனென்றால் வீதி மோசமாகிறது. இங்கே மார்ச் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை, பறவைகள் கூடு கட்டும் காலத்தில், வயல் வேலிகளை வெட்டக்கூடாது. இங்கிலாந்தில் அது 2024இலிருந்து தனிச் சட்டமாகவே இருக்கிறது. செப்டெம்பர் பிறந்ததும் உழவு இயந்திரங்கள் வேலியோரமாக வரத் தொடங்கும். பிளாக்தோர்ன், ஹோதோர்ன் செடிகளின் முட்கள் சிதறி, ஈரத்தில் ஒட்டி, ஒழுங்கைகளில் கிடக்கும். விரல் நகத்தளவு முள் ரயரைத் துளைத்து ரியூபுக்குள் போனால் அதைத் தேடி எடுக்கும் வரை மற்றவர்கள் குளிரில் நிற்க வேண்டும். பொக்ஸ் ஹில், ரான்மோர் பக்கம் மலை சுண்ணக்கல். அதற்குள் பதிந்த சிக்கிமுக்கிக் கற்களை மழை கழுவிக்கொண்டு வந்து வீதியில் விடும். உடைந்த சிக்கிமுக்கி கண்ணாடியைப் போலக் கூர். செஸ்நட் மரங்களின் கீழே முள்ளுறைகள் வெடித்துக் கிடக்கும். லீத் ஹில் ஏற்றத்தில் மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்க, விழுந்த பீச் இலைகள் சக்கரங்களில் அரைபட்டுச் சேறாகியிருக்கும். அதன் மேல் வளைவில் பிறேக் பிடிப்பவர் விழுவார். மணம் மட்டும் அற்புதம். இலை அழுகும் மணமும் விறகுப் புகையும் குதிரைச் சாணமும் ஈரமும் கலந்த அந்தக் காற்றை மூச்சு வாங்க வாங்க உள்ளே இழுக்கும்போது, வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காக வரலாம் என்று தோன்றும். பொக்ஸ் ஹில்லின் வளைந்த வீதியில் 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒன்பது சுற்று ஓடினார்கள், அது ஜூலை வெயிலில். ஒக்ரோபர் மூடுபனியில் மோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு கீழே வெள்ளையாய் நிரம்பியிருக்க, அதே வீதியில் ஏறுபவர்களுக்கு அது வேறு மலை. வெயில் வந்தாலும் சரிவாக வருகிறது. மரநிழலும் குழியும் ஒன்றுபோலத் தெரியும். முன்னால் இருப்பவர் கை காட்டாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று காற்று. சமதரையில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். ஒருவரின் பின்னால் ஒதுங்கி ஓடினால் அந்தச் சுமையில் பெரும்பங்கு குறைந்துவிடும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேர்ட் புளொக்கன் 2018இல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டமொன்றைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார். அடர்ந்த கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் இருப்பவர்மீது விழும் தடை, தனியே ஓடுபவர்மீது விழுவதில் 5 முதல் 10 சதவீதம் மட்டும்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிட முக்கியம். பின்னால் ஒருவர் நெருங்கி வரும்போது முன்னால் போகிறவரின் சுமையும் சற்றுக் குறைகிறது. முன் ஆளின் முதுகுக்குப் பின்னால் உண்டாகும் வெறுமை அவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைப் பின் ஆள் வந்து நிரப்புகிறார். கிடைக்கும் நன்மை 3 சதவீதத்துக்கும் குறைவுதான், உடம்பால் உணரவே முடியாது. இருந்தும் அந்த எண்ணிக்கையை அறிந்த நாளிலிருந்து மனம் அதைச் சுற்றியே வருகிறது. ஒதுங்கி வருபவர் வெறும் கடனாளி இல்லை. யாருக்காகக் காத்து நிற்கிறோமோ அவர் நம்மைத் தள்ளிக்கொண்டும் இருக்கிறார்.

இவ்வளவு அக்கறை இருக்கும் இடத்தில் சஞ்சலம் எதற்கு? எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் அது துலங்குகிறது. ஒருவரின் இடது முழங்கால் வலதைவிடச் சற்று வெளியே போய் வருவது எனக்குத் தெரியும். இன்னொருவர் மேடு வருவதற்கு முன் தோளை ஒருமுறை உலுக்குவார். மூன்றாமவரின் செயினுக்கு எண்ணெய் போட்டு எவ்வளவு நாள் என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அவர்களில் பலரின் வீடு எங்கே என்று தெரியாது. குடும்பப் பெயர் தெரியாது. வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பது தெரியாது. ஓட்டம் முடிந்து தரிப்பிடத்தில் கை அசைத்துப் பிரிந்த பின் அடுத்த ஞாயிறு வரை நாங்கள் ஒருவருக்கொருவர் இல்லாதவர்கள். கடைசி ஆள் வரும்வரை மழையில் நிற்பவர்கள், அவர் அடுத்த கிழமை வராவிட்டால் எங்கே என்று கேட்பதில்லை. ஒக்ரோபரின் கடைசி ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னே போகும், பின்னேரம் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், வருபவர்களின் தொகை சுருங்கும். வராதவர் குளிருக்குப் பயந்து வீட்டில் இருக்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். வரிசையில் அவருடைய இடம் உடனே நிரம்பிவிடுகிறது. இடைவெளி விட்டு ஓடினால் காற்று அடிக்கும் என்பதால் அப்படி நெருங்கி ஓடத்தானே பழகியிருக்கிறோம்.

நான் முதன்முதலில் இந்தக் கழகத்துக்கு வந்தபோது இந்தக் கேளாமைதான் என்னை அங்கே இருத்தியது. அகதியாக வந்தவனுக்குக் கேள்வி என்பது மேசைக்கு அப்பாலிருந்து வருவது. எந்த ஊர், எந்த வழியால் வந்தாய், ஏன் வந்தாய், முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஏன் ஒத்துப்போகவில்லை. அந்த ஞாயிறுகளில் என்னிடம் கேட்கப்பட்டது, மேலதிக ரியூப் வைத்திருக்கிறாயா என்பது மட்டும். ஒரு மனிதனை அவன் கதையில்லாமல் ஏற்றுக்கொள்வது பெரிய கொடை. அதை நான் இன்றும் குறைத்து மதிக்கவில்லை. ஊரில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒருவன் இரண்டு நாள் ஒழுங்கையால் போகாவிட்டால், "என்ன தம்பி, ரெண்டு நாளாக் காணேல்லை?" என்று படலையில் நிற்கும் கிழவர் கேட்பார். பதில் சொல்லாமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது. அந்தக் கேள்வியில் அன்பும் இருந்தது, காவலும் இருந்தது. யாரோடு போனாய், எந்தப் பகுதியில் எந்த வீட்டில் தண்ணீர் குடித்தாய் என்பதையும் அதே கேள்விதான் தோண்டி எடுத்தது. பிள்ளைகளுடைய காதல்களை உடைத்ததும், சாதியின் வேலியைக் காத்ததும் அதுவேதான். ஆகவே கேட்பது நல்லது, கேளாமை குறை என்று சட்டென்று சொல்லிவிட என்னால் முடியாது.

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது ஊரைத் தவிர்க்க முடிவதில்லை. 1990களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் அசைந்தது. நோயாளி, கர்ப்பிணி, வெங்காய மூட்டை, விறகு, பிரேதப் பெட்டிக்குரிய பலகை, எல்லாமே கரியரில் போயின. பற்றரியும் தடை. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேச, சுற்றி இருந்து தமிழோசை கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் குரல் தேயும், உடனே இன்னொருவர் பெடலை வாங்குவார். பின்னாளில் சரே வீதிகளில், காற்றை எதிர்த்து முன்னால் ஓடியவர் முழங்கையை அசைத்து ஒதுங்க, அடுத்தவர் முன்னேறும்போது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. உழைப்பை முறை வைத்துப் பகிர்வது எனக்குத் தெரிந்திருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவும் தெரிந்திருந்தது. இராணுவம் நெருங்க, வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தது. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், ஐப்பசி மழையில், செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. எல்லோரிடமும் சைக்கிள் இருந்தது, ஒருவராலும் ஓட முடியவில்லை. சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு, முன்னால் போவதன் கரியரைப் பிடித்தபடி நடந்தோம். அங்கேயும் எனக்குத் தெரிந்தது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான். பின்னால் யாராவது விழுந்தால் நிற்க முடியாது, நின்றால் அவருக்குப் பின்னால் வரும் கூட்டம் நெரியும். நிற்காமல் போனவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த வீதியில் அதற்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இன்னொரு வகைக் கேளாமையைப் பழகினோம். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகிக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் அயலவர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள், ஏனென்றால் கேட்டவரும் குறிக்கப்படுவார். படலைக் கிழவர்கள்கூட மௌனமானார்கள். கேட்டவர்கள் தாய்மார். முகாம் முகாமாகப் போய், வாசலில் நின்று, படத்தைக் காட்டிக் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள். அவர்களோடு இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஒப்பிடுவது தகாது, நான் ஒப்பிடவில்லை. ஒருவர் எங்கே என்று கேட்பதற்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை நான் எங்கே கற்றேன் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அதைக் கற்றவனுக்கு, கேட்க எந்தத் தடையுமில்லாத ஒரு நாட்டில், கேட்டால் உயிர் போகாத ஓர் ஒழுங்கையில், வெறும் மரியாதைக்காகக் கேளாமல் இருப்பது உறுத்துகிறது.

எங்கள் வழக்கமான பாதைகளில் ஒன்று ரிப்ளி, ஒக்கம் ஊர்களால் போகும். 1880களில் லண்டன் சைக்கிள்காரர்கள் ஞாயிறுகளில் போர்ட்ஸ்மத் வீதியால் ரிப்ளிக்கு வந்து அங்கர் விடுதியில் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அந்தக் காலத்துப் புகழ்பெற்ற சைக்கிள் வீதி அது. அருகே ஒக்கத்தில் ஹோட்போய் என்ற விடுதி இருந்தது. 1898 ஒக்ரோபர் 27 அன்று ஹார்பர்ட்டன் சீமாட்டி அங்கே சைக்கிளில் வந்திறங்கினார். பாவாடைக்குப் பதிலாகத் தொளதொளத்த காற்சட்டை அணிந்திருந்ததால் விடுதி நடத்திய பெண், சாப்பாட்டு அறைக்குள் விட மறுத்து, ஆண்கள் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து அறையைக் காட்டினார். சீமாட்டி உறுப்பினராக இருந்த சைக்கிள் சுற்றுலாக் கழகம், 1878இல் ஹரோகேற்றில் தொடங்கிய பழைய கழகம், அதை அப்படியே விட்டுவிடவில்லை. பயணிக்கு உணவு மறுத்த குற்றத்துக்காக வழக்குப் போட்டது. 1899 ஏப்ரலில் கிங்ஸ்டனில் விசாரணை நடந்தது, யூரிமார் விடுதிப் பெண்ணைக் குற்றமற்றவர் என்றார்கள். கழகம் தோற்றது. தோல்வியாக இருந்தாலும், ஒக்கம் ஒழுங்கையில் திரும்பும்போது அந்தப் பழைய செங்கல் கட்டடத்தைப் பார்த்து நான் தலை அசைக்காமல் போவதில்லை. மேசையில் இருக்க வேண்டிய ஒருவர் ஏன் மேசையில் இல்லை என்று ஒரு கழகம் நீதிமன்றம்வரை போய்க் கேட்டிருக்கிறது. அந்த உறுப்பினர் சீமாட்டி என்பதால் கேட்டார்களா? இருக்கலாம். பெயரில்லாத தட்டச்சுக்காரிக்காக அவ்வளவு செலவழித்திருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனாலும் கேட்டார்கள்.

எங்களோடு ஒருவர் ஓடினார். எழுபதைத் தாண்டியவர். வரிசையின் கடைசிக்கு முந்தின இடம் அவருடையது. முழங்கையில் தைத்துப் போட்ட நீலக் கம்பளிச் சட்டை, கன்வஸ் பை, பைக்குள் எல்லோருக்கும் உதவும் சாமான்கள். யாருக்கு ரயர் காற்றுப் போனாலும் அவர் விரல்தான் முதலில் ரயரின் உட்புறத்தைத் தடவும். அவருக்குத் தெரியாத ஒழுங்கை சரேயில் இல்லை, எந்தக் கடையில் பழக்கேக் நேற்றையது என்பதும் அவருக்குத் தெரியும். ஓர் ஒக்ரோபரில் அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தேநீர் மேசையில் அவரைப் பற்றி அன்பாகவே கதைத்தார்கள், குளிர் தொடங்கிவிட்டது, வயதும் ஆகிறது என்றார்கள். ஓட்டத்தை வழிநடத்துபவர் எப்போதும் கொண்டுவரும், விபத்து நேர்ந்தால் மட்டும் திறக்கப்படும் தொலைபேசி எண்களின் தாள் ஒன்று இருக்கிறது. செயலாளரிடம் கேட்டு அதிலிருந்து அவர் எண்ணை வாங்கி, திங்கள் பின்னேரம் எடுத்தேன். அவர் நான் யார் என்பதைக் குரலில் அறியவில்லை. எந்தச் சைக்கிள் என்று சொன்ன பிறகுதான் அறிந்தார். கண் என்றார். நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். கோடையில் சமாளித்தார். வெயில் சரியத் தொடங்கியதும் நிழல் எது, குழி எது என்று தெரியவில்லை. விழுவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. குழியைக் காணாமல் விட்டால் பின்னால் வருபவருக்குக் கை காட்ட முடியாது என்பதுதான் அவருடைய காரணம். ஆகவே நின்றுவிட்டார். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் யாராவது என் முன்னால் ஓடி ஒவ்வொரு குழிக்கும் குரல் கொடுக்க முன்வருவார்கள், அவர்களுடைய ஞாயிறு கெட்டுப்போகும் என்றார். பிறகு, வேலி வெட்டத் தொடங்கிவிட்டார்களா என்று விசாரித்தார். எந்த ஒழுங்கையை இரண்டு கிழமைக்குத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கி, நிறைய நேரம் வீதிகளைப் பற்றியே கதைத்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த உரையாடலுக்குப் பிறகுதான் என் சஞ்சலத்தின் அடி எனக்குத் தெரிந்தது. கேளாமையை நாங்கள் மரியாதை என்கிறோம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது. வீதியில் கடைசி ஆளின் வேகமே எல்லோருடைய வேகமும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த ஒப்பந்தம் வாகனத் தரிப்பிடத்தில் முடிந்துவிடுகிறது. அவருக்கு அது தெரிந்திருந்தது. தன் பாரம் எங்களுக்குத் தெரியவரும் முன்பே, எங்கள் விதியை எங்களைவிட நேர்மையாகக் கடைப்பிடித்து, வரிசையிலிருந்து தானே ஒதுங்கிக்கொண்டார். அவர் செய்தது பண்பு. அந்தப் பண்பை அப்படியே ஏற்றுக்கொண்டு இடைவெளியை நிரப்பி ஓடியதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பண்பு என்று வைக்கமாட்டேன். படலைக் கிழவரின் கேள்வியை இங்கே கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. யாரோடு, எங்கே, ஏன் என்று தோண்டும் கேள்வி வேண்டாம். சுகமா, வீதியில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்ற அளவிலான கேள்வி போதும். அதற்குப் பதில் சொல்லாமல் விடும் உரிமையும் அவருக்கு வேண்டும். இரட்டைச் சைக்கிளில் பார்வை குறைந்தவர்கள் பின் இருக்கையில் இருந்து ஓடும் வழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவர் அதை விரும்புவாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். யாராவது கேட்டால்தான் சொல்வார்.

கழகங்களின் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் நவம்பரில் வரும். பரிசுக் கிண்ணங்கள், சந்தாத் தொகை, அடுத்த ஆண்டுக்கான ஓட்ட வழிகாட்டிகள் என்று அதன் நிகழ்ச்சி நிரல் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். இம்முறை நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கமாக வருபவர் ஒருவர் முன்னறிவித்தல் இல்லாமல் தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராவிட்டால், அந்தக் கிழமைக்குள் ஓட்டத்தை வழிநடத்தியவர் அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். விரும்பாதவர்கள் தங்கள் எண்ணின் பக்கத்தில் அப்படியே எழுதிவைக்கலாம். வழிமொழிய ஒருவர் கிடைத்திருக்கிறார். எதிர்த்துப் பேசப் போவதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணம் தனிமனித சுதந்திரம், அது சிறிய காரணம் இல்லை. வாக்கெடுப்பு நவம்பரின் மூன்றாம் வியாழன் இரவு.